நாளைக்கு வருகிறோம், மதாம் இனாயாத்

அலெக்சாண்டிரியாவின் கடற்கரைச் சாலைக்குப் பின்னால் இருந்த அந்தப் பழைய கட்டடத்துக்கு ரிஃபாத் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். தஹானி டிராமில் வந்தாள். பிற்பகல்தான், ஆனால் குளிர்காலப் புயல் மேகம் தெருவை அந்தியாக்கியிருந்தது. வாசலில் உப்பு நெடி. உள்ளே படிக்கட்டு இருட்டு.

ரிஃபாத் குழாய் ரிப்பேர் செய்பவர். அவருடைய இணையதளம் அதை ஒப்புக்கொள்வதில்லை. அதில் அவர் 'நீர்த் தீர்வுப் பொறியாளர்'. அங்குள்ள படத்தில் கோட்டும் வெள்ளைத் தலைக்கவசமும் அணிந்து, இப்போதுதான் ஓர் அணையைத் திறந்து வைத்தவர் போலத் தொலைவில் எதையோ பார்த்துக்கொண்டிருப்பார். தஹானி அவருடைய நிறுவனத்தின் 'வாடிக்கையாளர் தேர்வுத் துறை'. துறை அவளுடைய சாப்பாட்டு மேசையில் இயங்கியது. கணவர் இறந்துவிட்டார், மகன் கனடாவில். மேசையின் மற்ற நாற்காலிகளில் மடிக்காத துணிகள் உட்கார்ந்திருந்தன.

தளத்துக்கு வரும் விசாரிப்புகளை அவள்தான் முதலில் சலித்தெடுப்பாள். என்ன பழுது, படம் உண்டா, வீடு யாருடையது, எப்போது வேண்டும்? இதில் தேறியவர்களுக்குத்தான் ரிஃபாத் விலை சொல்வார். வேலையை மைத்துனனிடம் கொடுத்துவிட்டு, அவன் கேட்ட கூலியைக் குறைக்க மட்டும் இங்கே விலை விசாரிப்பவர்கள் தேறமாட்டார்கள். அவர்களைவிட மோசமானவர்கள் வேறொரு வகை.

"டீ போட்டு வைக்கிறேன்னு எழுதறாங்க பாருங்க, அவங்களத் தொடவே தொடாதீங்க, மதாம்" என்பார் ரிஃபாத். "அங்க ஒழுகறது குழாய் இல்ல. புருஷன் செத்த கதை."

தஹானியும் கூடச் சேர்ந்து சிரித்து வைப்பாள்.

அந்த ஊரில் யாரும் யாரையும் முகத்துக்கு நேரே மறுப்பதில்லை. தேறாதவர்களுக்கு அவள் அனுப்பும் பதில் ஒன்றே ஒன்றுதான்: 'நாளைக்கு வருகிறோம், இன்ஷா அல்லாஹ்.' வரமாட்டார்கள் என்று எல்லோருக்கும் புரிந்துவிடும்.

மதாம் இனாயாத்துக்கு மட்டும் புரியவில்லை.

'நான்காம் மாடி. சமையலறைச் சுவருக்குள் தண்ணீர்ச் சத்தம். வாருங்கள், டீ போட்டு வைக்கிறேன்' என்று எழுதியிருந்தாள். தஹானி வழக்கமான பதிலை அனுப்பினாள். மறுநாள் மாலை: 'இன்று முழுக்கக் காத்திருந்தேன். நாளைக்குத்தானே?' தஹானி மறுபடி நாளை என்றாள். அதற்கு மறுநாளும் அதே கதை. போகப் போக, மாலையானால் அந்தச் செய்தியைத் தேடத் தொடங்கினாள் தஹானி. வேறு யாரும் அவளுக்கு அன்றாடம் எழுதுவதில்லை.

கடைசியாக வந்தது இது: 'தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. நீங்கள் வரும்வரை நாற்காலியிலேயே இருக்கிறேன்.'

தஹானி அதை மறுபடி படித்தாள். தன் பதிலை நம்பி ஒரு கிழவி அங்கே செத்துக்கொண்டிருந்தால்? ரிஃபாத்திடம் மன்றாடினாள். அவர் அசையவில்லை. ஆனால் அதே கட்டடத்தின் மூன்றாம் மாடியிலிருந்து ஒரு டாக்டர், கூரை சொட்டுகிறது என்று எழுதினார். டாக்டர் என்றதும் ரிஃபாத் தலைக்கவசத்தைத் துடைத்து மாட்டிக்கொண்டார். தஹானி நானும் வருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

டாக்டரின் கூரைக்கு மேலே இருந்த நான்காம் மாடி வீட்டைத் திறந்துகாட்ட, வாயிற்காவலர் இத்ரீஸ் சாவிக்கொத்தோடு முன்னே ஏறினார்.

"இனாயாத் மதாம் எப்படி இருக்காங்க, மாமா?" என்று கேட்டாள் தஹானி.

இத்ரீஸ் நின்று திரும்பினார். "அவங்க போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆச்சேம்மா. வாரிசுங்க பூட்டியே வெச்சிருக்காங்க. தண்ணிய நானே என் கையால அடைச்சேன்."

"எப்படிப் போனாங்க?"

"குழாய் வெடிச்சு, வழுக்கி விழுந்து கிடந்திருக்காங்க. சரி பண்றவன் நாளைக்கு வர்றேன்னு சொல்லியிருந்தானாம்."

ரிஃபாத் தொண்டையைக் கனைத்தார். "பேய் பிசாசுன்னு எதையாவது ஆரம்பிக்காதீங்க. இது வெறும் நீரழுத்தம்."

கதவு திறந்தது. பூட்டிக் கிடந்த வீட்டின் சுண்ணாம்பு வாடை. துருவின் வாடை. அதற்கும் மேலே, அப்போதுதான் கிள்ளிய புதினாவின் மணம்.

தரையில் தூசி படிந்து கிடந்தது. ஈரமே இல்லை.

சமையலறை மேசையில் இரண்டு டீ கிளாஸ்கள்.

இரண்டிலிருந்தும் ஆவி எழுந்துகொண்டிருந்தது.

சுவருக்குள் ஏதோ சொட்டியது. அவர்கள் உள்ளே வந்ததும் நின்றுவிட்டது, வந்தவர்கள் என்ன சொல்லப்போகிறார்கள் என்று கேட்க யாரோ மூச்சை அடக்கியது போல.

மேசையருகே ஒரே ஒரு நாற்காலி. அதன் மெத்தை, ஓர் ஆள் கனத்துக்கு அமுங்கியிருந்தது.

நீர்த் தீர்வுப் பொறியாளரின் தலையில் கவசம் தடதடத்தது. வாய் தன் பழக்கத்துக்குப் பேசியது.

"நா... நாளைக்கு வர்றோம், இன்ஷா அல்லாஹ்."

"சொல்லாதீங்க!" தஹானி அவர் கையைப் பிடித்தாள்.

மெத்தை மெல்ல மேலெழும்பியது.

விருந்தாளிகளை வழியனுப்ப யாரோ எழுந்து நின்றார்கள்.

படிகளில் முதலில் இறங்கியது பொறியாளர்தான். கீழே டாக்டரிடம், இது நகராட்சி பார்க்க வேண்டிய விஷயம் என்று மூச்சு வாங்கச் சொல்லிவிட்டு வண்டியை உதைத்தார்.

அன்று மாலை செய்தி வந்தது. 'வந்ததற்கு நன்றி. நாளைக்கு எத்தனை மணிக்கு?'

தஹானி வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு 'நாளைக்கு' சொன்னால் இனாயாத் இன்னொரு நாள் காத்திருப்பாள். அதற்குப் பிறகும் காத்திருப்பாள். உண்மையைச் சொன்னால் மாலைகளில் தனக்கு எழுத யாரும் இருக்கமாட்டார்கள். கடைசியில், வாழ்நாளில் யாருக்கும் எழுதாததை எழுதினாள்: 'வரமாட்டோம், மதாம். என்னை மன்னித்துவிடுங்கள்.'

பதில் உடனே வந்தது.

'பரவாயில்லை மகளே. நீ ஒருத்தியாவது உண்மையைச் சொன்னாய். உனக்கும் துணைக்கு ஆளில்லைதானே? நான் வருகிறேன்.'

அதில் நாளைக்கு என்ற சொல் இல்லை.

அன்றிரவு யாரும் கதவைத் தட்டவில்லை. தஹானி விடியும்வரை உட்கார்ந்திருந்தாள். கடலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. காலையில் ரிஃபாத்தின் அழைப்பு வந்தபோது, மனிதக் குரலைக் கேட்ட நிம்மதியில் அவளுக்குக் கண் கலங்கியது.

"மதாம், நேத்து நடந்ததை யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. என் பேரு என்னாகறது? சரி, புதுசா ஏதாவது..." அவர் நிறுத்தினார். "கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி வந்து பேசுங்களேன். ஒண்ணுமே காதுல விழல."

"ஏன்?"

"பக்கத்துல ஒரு அம்மா விடாமப் பேசிக்கிட்டே இருக்காங்களே. விருந்தாளியா?"

தஹானி அறையைச் சுற்றிப் பார்த்தாள். எந்தச் சத்தமும் இல்லை.

"என்ன சொல்றாங்க?" என்று கேட்டாள், குரலைத் தாழ்த்தி.

ரிஃபாத் சற்று நேரம் கேட்டார்.

"உங்களத்தான் கூப்பிடறாங்க, மதாம். போனை வெச்சிட்டு வரச் சொல்றாங்க."