பதினாறாவது பட்டை

சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, அஜின்கோர்ட் பகுதி வீடொன்றின் கீழ்த்தள பேஸ்மென்றில், பேபியின் கணவருடைய முகம் நெற்றியோடு நின்றுபோயிருந்தது.

பழைய கணினி டெர்மினலின் திரையில் தலைமுடி இருந்தது. நெற்றி இருந்தது. புருவம் தொடங்க வேண்டிய இடத்திலிருந்து கீழே வெறும் கறுப்பு. படத்தை அனுப்பிக்கொண்டிருந்த லப்டொப்பைக் காணவில்லை. அதில் செருகியிருந்த கேபிள் மேசை விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

பேபி கத்தவில்லை. கடையில் வாங்கிவந்த ரோல்ஸ் பெட்டியைப் படியில் வைத்தாள். அண்ணன் சண்முகலிங்கத்தின் குறிப்புக் கொப்பியைப் புரட்டி, அவர் தடுக்கத் தடுக்க, அதிலிருந்த ஒரு நம்பருக்குப் போன் எடுத்தாள்.

மதியம் 12:10.

கிருஷ்ணவேணி மிசிசாகாவிலிருந்து வந்து சேர்ந்தாள். சொந்த ஊர் ஈரோடு. வேலை, விமான நிலையங்களில் தவறிப்போகும் பெட்டிகளைத் தேடித்தரும் மென்பொருள் எழுதுவது. பொழுதுபோக்கு, சண்முகலிங்கத்துக்கு இருந்த அதே கிறுக்குதான். அலுவலகங்கள் கழித்துப்போட்ட இருபது வருடப் பழைய டெர்மினல்களை வாங்கி, உயிர் கொடுத்து, அவற்றில் படம் வரவைப்பது. மாதம் ஒருமுறை நூலக அறையில் கூடும் ஒன்பது பேரில் தமிழ் பேசுகிறவர்கள் இவர்கள் இருவர்தான். அவள் அவரை 'சார்' என்பாள். "உந்த சாரை விடுங்கோ தங்கச்சி, எனக்கு வாத்தியார் வேலை தெரியாது" என்று அவர் ஒவ்வொரு தடவையும் சிரிப்பார்.

இன்று சிரிக்கவில்லை. போட்டோக்கொப்பி மெஷின் திருத்தும் அந்தக் கைகள் மேசைமேல் சும்மா கிடந்தன.

நடந்ததைப் பேபிதான் சொன்னாள். அவள் கணவர் இராஜரட்ணம் 2006இல் தன் தாயைக் கூட்டிவரக் கிளிநொச்சிக்குப் போனவர். பாதை மூடிவிட்டது. கடைசியாக அவர் குரல் கேட்டது இந்த வருடம் ஜனவரியில். போன திங்கட்கிழமை யுத்தம் முடிந்துவிட்டது என்று உலகமெல்லாம் சொன்னபோது, பேபி சாப்பாட்டை நிறுத்திவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் யோசப் என்ற தொண்டு ஊழியர், ஆஸ்திரேலியாவுக்குப் புறப்படும் முன் இந்த வீட்டுக்கு வந்தார். வவுனியா முகாமுக்குள் போய்வந்தவர். தண்ணீர் வரிசையில் நின்ற ஒரு மனிதனின் படத்தை சண்முகலிங்கத்தின் லப்டொப்பில் போட்டுவிட்டு விமானம் ஏறிவிட்டார். பெயர் தெரியாது. இனிப் பத்து நாள் கழித்துத்தான் அவரைப் பிடிக்கலாம். எந்தப் படம் கிடைத்தாலும் டெர்மினலில் வரைந்து பார்ப்பது சண்முகலிங்கத்தின் வழக்கம். அன்று மாலை தேநீரோடு கீழே வந்த பேபி, புள்ளி புள்ளியாக வந்து முடிந்திருந்த முகத்தைப் பார்த்து அப்படியே தரையில் இருந்துவிட்டாள். அது அவர்தான் என்றாள். தெளிவான படத்தை நாளைக்கு எல்லோரும் சேர்ந்து லப்டொப்பிலேயே பார்க்கலாம் என்றார் அண்ணன்.

"நேற்று இரவு சோறு திண்டனான், வேணி," என்றாள் பேபி இப்போது. "அவர் வரேக்குள்ள என்னை இந்தக் கோலத்தில பாக்கக்கூடாது. அந்தப் படம் எனக்கு வேணும். தெளிவான படம் இருந்தாத்தான் முகாமில அவரைத் தேடச் சொல்லலாம்."

அதுவரை சரி. படத்தை எடுத்தது யார்?

காலை ஒன்பதேமுக்காலிலிருந்து பத்து இருபத்தைந்து வரை அண்ணனும் தங்கையும் கடையில். அந்த நேரத்தில் வீட்டில் இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் பேஸ்மென்றில் வாடகைக்கு இருக்கும் செல்வரட்ணம், அறுபது வயது, டாக்சி ஓடுகிறவர். மற்றவன் இராஜரட்ணத்தின் தம்பி பிரவீனன். தெளிவான படத்தைப் பார்க்க டோர்செட் பார்க் பகுதியிலிருந்து பதினொரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தவன், பத்துக்கே வந்துவிட்டான்.

பேபியின் சந்தேகம் செல்வரட்ணத்தின் மேல். வெள்ளிக்கிழமை அந்தப் படத்தில் ஒரு பிரதி வேண்டுமென்று அவர் இரண்டு தடவை கேட்டாராம். எதற்கென்று சொல்லவில்லை. பொலிசைக் கூப்பிட வேண்டும் என்றாள் அவள். கூடவே கூடாது என்றார் சண்முகலிங்கம். செல்வரட்ணத்தின் அகதிக் கோரிக்கை இன்னும் விசாரணையில் இருந்தது.

12:30. குசினியில், சாப்பாட்டு மேசை.

"எத்தனை மணிக்கு வந்தீங்க ஐயா?" என்று கேட்டாள் கிருஷ்ணவேணி.

"ஒன்பது ஐம்பது. விடிய விடிய டாக்சி ஓடினனான். பிரவீனனுக்குக் கதவைத் திறந்துவிட்டிட்டுப் படுத்திட்டன்."

"டெர்மினலைத் தாண்டித்தானே உங்க ரூமுக்குப் போகணும்?"

"ஓம்."

"திரையில அப்போ என்ன இருந்தது?"

"பாக்கேல்லை."

"மூணடி தூரம். கண்ணுல படவே இல்லையா?"

"பாக்கேல்லை எண்டால் பாக்கேல்லை, பிள்ளை." அவர் எழுந்துபோய் ஜன்னலோரம் நின்றுகொண்டார்.

பிரவீனனுக்கு முப்பது வயது. கண்கள் சிவந்திருந்தன.

"பதினொண்ணுன்னு சொல்லிட்டு ஏன் பத்துக்கே வந்தீங்க?"

"சொந்த அண்ணன்ர முகம். மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு இருக்க ஏலுமே?"

"அப்புறம் ஏன் கீழ போகல?"

"அண்ணி வரட்டும், சேர்ந்து பாப்பம் எண்டு நினைச்சன். குசினியிலதான் இருந்தனான்." சற்று நின்று சொன்னான்: "தனியாப் பாக்கப் பயமாவும் இருந்தது."

கடைசியாகப் பேபி. காலையில் படத்தை மறுபடி போடச் சொன்னது அவள்தான். அது தொடங்கியது எத்தனை மணிக்கு என்று கேட்டதும், போனையே நீட்டினாள். பிரவீனனுக்கு அவள் எடுத்த அழைப்பு: 9:30, பன்னிரண்டு நிமிடம். அவனோடு பேசத் தொடங்கிய உடனே கீழே 'பீப்' கேட்டதாம். படம் தொடங்கும்போது டெர்மினல் அப்படித்தான் ஒருமுறை சத்தம் போடும்.

"சார் எப்போ மேல வந்தார்?"

"ஒன்பதே முக்கால். அதுவரைக்கும் கீழதான். எவ்வளவு வந்திட்டுது அண்ணை எண்டு கேட்டன். மணிக்கூட்டைப் பாத்திட்டு, கண் வந்திட்டுது, வா கடைக்குப் போட்டு வருவம் எண்டார்."

கிருஷ்ணவேணி தேநீரைக் குடிக்காமல் கீழே இறங்கினாள்.

12:55. பேஸ்மென்ற்.

டெர்மினலுக்குத் தனி மூளை கிடையாது. கம்பி வழியே கணினி அனுப்புவதை மேலிருந்து கீழாக, நூல் பட்டை போலப் பட்டை பட்டையாக வரையும். அனுப்புவது நின்றால், வரைந்த மட்டும் திரையில் வைத்துக்கொண்டு பேசாமல் இருக்கும். மின்சாரம் இருக்கும்வரை போட்டது அழியாது.

சண்முகலிங்கம் கம்பியின் வேகத்தை வேண்டுமென்றே குறைத்து வைத்திருந்தார். நொடிக்கு நூற்றிருபது எழுத்துகள், அவ்வளவுதான். முகம் ஒன்று மெல்ல மெல்ல வெளியே வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவருக்கு ருசி. கொப்பியில் ஒவ்வொரு படத்துக்கும் அவர் கைப்பட எழுதிய அதே வரி இருந்தது: எண்பது பட்டை, நாற்பது நிமிடம்.

அவள் ஒரு பென்சிலைத் திரையின் ஓரத்தில் வைத்து, மேலிருந்து பட்டைகளை எண்ணினாள். இன்னொருமுறை எண்ணினாள். பிறகு சுவரோரத் தட்டில் வரிசையாக இருந்த ஆறு செத்த டெர்மினல்களைப் பார்த்தாள். உதிரிப்பாகம் கழற்றிய வெற்றுக்கூடுகள். ஐந்தின் மேல் தூசி. ஒன்றின் மேல் தூசி இல்லை.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அதைவிட மோசமாக, காரணமும் விளங்கிவிட்டது. சொல்லாமல் காரில் ஏறிப் போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். ஆனால் மேலே ஜன்னலோரம் ஒரு கிழவர் கள்ளன் பட்டத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

1:15. நால்வரும் கீழே வந்தார்கள்.

"திருட்டு நடந்தது ஒன்பதே முக்காலுக்கும் பத்து இருபத்தஞ்சுக்கும் நடுவுலன்னு எல்லாரும் நினைச்சுட்டோம்," என்றாள் கிருஷ்ணவேணி. "நேரம் திரையிலயே இருக்கு. ஒரு பட்டை வர அரை நிமிஷம். இங்க இருக்கிறது பதினாறு பட்டை. எட்டு நிமிஷம். படம் தொடங்கினது ஒன்பதரை. அப்படின்னா கேபிளைப் பிடுங்கினது ஒன்பது முப்பத்தெட்டு. அந்நேரம் செல்வரட்ணம் ஐயா ரோட்டுல. பிரவீனன் வீட்டுக்கே வரல. பேபி மேல போன்ல இருந்தாங்க."

"லப்டொப் தானா நிண்டிருக்கலாம்தானே?" என்றான் பிரவீனன். "பிறகு ஆரும் எடுத்திருக்கலாம்."

"நின்னிருக்கலாம். ஆனா ஒன்பதே முக்காலுக்கு 'கண் வந்திட்டுது'ன்னு ஒருத்தர் சொல்லியிருக்கார். வரைஞ்சதை இந்தத் திரை தானா அழிக்காது. வந்த கண் எங்க போச்சு?" அவள் குரல் தாழ்ந்தது. "அவர் திரையைப் பார்த்துச் சொல்லல, பேபி. கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னார். நூறு படம் போட்ட பழக்கம். பதினஞ்சு நிமிஷமானா முப்பதாவது பட்டை, கண் வந்திருக்கணும். சார், நீங்கதான் எடுத்தீங்க."

சண்முகலிங்கம் தட்டிடம் போனார். தூசி இல்லாத கூட்டின் பின்மூடியைக் கழற்றி, உள்ளே கைவிட்டு லப்டொப்பை எடுத்தார். அதைத் தங்கையின் முகம் பார்க்காமல் மேசையில் வைத்தார்.

"ஏன் அண்ணை?" என்றாள் பேபி.

"நேற்று நீ சோறு சாப்பிட்டாய்."

"அதுக்கு?"

"இதில வாறது புள்ளிதானே, பேபி. எங்க கண் முடியுது, எங்க நிழல் தொடங்குது எண்டு ஒண்டும் தெரியாது. தெளிவான படத்தை நான் பாத்தனான். இண்டைக்கும் நெத்தி மட்டும் வரவிட்டன். அதுக்கு மேல என்னால ஏலேல்லை. யோசப் திரும்பி வந்தால் எப்படியும் தெரியவரும், எனக்கு விளங்குது. ஒரு கிழமையாவது நீ சாப்பிடட்டும் எண்டுதான்..." அவர் செல்வரட்ணத்தின் பக்கம் திரும்பினார். "பழி உங்களில விழும் எண்டு நான் நினைக்கேல்லை, அண்ணை. நினைச்சிருக்கோணும்."

பேபி கதிரையை இழுத்து உட்கார்ந்தாள்.

"திற, பிரவீனன்."

"அண்ணி, வேண்டாம்..."

"திற."

படம் ஒரே கணத்தில் வந்தது, முழு நிறத்தில். பழுப்புச் சட்டை. கையில் மஞ்சள் பிளாஸ்ரிக் தண்ணீர்க் கான். வெயிலுக்குச் சுருங்கிய கண்கள். இராஜரட்ணம் இல்லை. பிரவீனன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். பேபி மட்டும் கண்ணெடுக்காமல் பார்த்தாள். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். கிருஷ்ணவேணி அவள் தோளில் கைவைத்தாள். அந்தத் தோள் கல்லாக இருந்தது.

செல்வரட்ணம்தான் முதலில் அசைந்தார். மெல்ல வந்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். நீண்ட மூச்சு ஒன்று விட்டார்.

"என்ர மருமகனும் இல்லை," என்றார்.

பேபி நிமிர்ந்தாள்.

"நேற்று எனக்கு அது என்ர மருமகன் மாதிரித்தான் இருந்தது, பிள்ளை. மகளுக்கு அனுப்பத்தான் ஒரு கொப்பி கேட்டனான். நீ அழுதுகொண்டிருக்கேக்குள்ள நான் எப்படி வாய் திறக்கிறது? அதுதான் காலமை பாக்காமல் போனனான். பாத்தால் பிறகும் ஆசை வரும்."

"அங்கிள், நான் உங்களைப் பொலிசில..."

"விடு."

பேபி எழுந்து அவருக்குத் தன் கதிரையைக் கொடுத்தாள். சண்முகலிங்கம் படிக்கட்டில் உட்கார்ந்து முகத்தைக் கைகளில் புதைத்திருந்தார். அவரைத் தாண்டிப் போகும்போது அவள் அவர் தலையில் ஒருமுறை கைவைத்தாள். கோபமா, மன்னிப்பா என்று கிருஷ்ணவேணியால் சொல்ல முடியவில்லை. இரண்டும் இருந்திருக்கலாம்.

மேலே போனவள் போனும் பேனாவுமாகத் திரும்பி வந்தாள். காணாமற்போனவர்களைத் தேடுகிற குரல்களை அந்தக் கிழமை முழுவதும் தமிழ் வானொலி ஒன்று வாங்கி ஒலிபரப்பிக்கொண்டிருந்தது. பேபி அதன் நம்பரை அழுத்தினாள். காத்திருக்கும் நேரத்தில் படத்தைப் பெரிதாக்கச் சொல்லி, அந்த முகத்தை இன்னொரு தடவை, இப்போது வேறு விதமாக, கூர்ந்து பார்த்தாள். வலது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. கழுத்தில் தொங்கிய அட்டையில் பாதி இலக்கம்.

அந்தப் பக்கம் யாரோ எடுத்தார்கள்.

"வணக்கம். முகாமில நிக்கிற ஒருவரின்ர அடையாளம் சொல்லோணும். பேர் தெரியாது. இல்லை, எங்கட ஆள் இல்லை. ஆரோ ஒருத்தி இவரைத் தேடிக்கொண்டிருப்பாள்." அவள் படத்தின் பக்கம் இன்னும் குனிந்தாள். "ஓம், உயிரோட இருக்கிறார். எழுதுங்கோ."