டென்சிலின் அடக்க வீடியோ

ரயான் செய்துவைத்த கம்ப்யூட்டர் சத்தமே போடக்கூடாது. ஆனால் எதுவோ தட்டியது.

பழைய கம்ப்யூட்டர் மாவு மில் மாதிரி இரையும். நாளை டாடி டென்சிலின் நினைவு நாள். வருஷா வருஷம் கதவைச் சாத்திக்கொண்டு மம்மி தனியாகப் பார்க்கிற அடக்க வீடியோவை இந்த வருஷமாவது நிம்மதியாகப் பார்க்கட்டும் என்று, லினக்ஸ் போட்டு, தேவையில்லாததையெல்லாம் பிடுங்கி எறிந்திருந்தான். பொத்தானை அமுக்கினால் கண் மூடித் திறப்பதற்குள் வீடியோ ஓடும். வேறெதுவும் ஓடாது. இப்போது மம்மிக்கு அதை ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தான்.

டொக்.

விசிறியா? கிடையாது. ஹார்ட் டிஸ்க்கா? அதுவும் கிடையாது, உள்ளே சுழல்கிற பொருள் ஒன்றுகூட இல்லை. காக்ஸ் டவுன் மழைக்கு ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது, கல்லறைக்கு வாங்கிவைத்த சம்பங்கியின் வாசனை அறையை அடைத்துக்கொண்டு மூச்சை முட்டியது.

"மம்மி, கொஞ்சம் நிறுத்துங்க."

ஜோசபின் ரிமோட்டை அமுக்கினாள். வீடியோவில் எல்லோரும் பாடிக்கொண்டிருந்த ஜெபப் பாட்டு நின்றது. தட்டலும் நின்றது.

 அப்படியானால் சத்தம் வீடியோவுக்குள் இருக்கிறது. டிவியில் டாடியின் சவப்பெட்டி, மூடியபடி, இதே ஹாலின் நடுவில். அன்று அவன் இங்கே இல்லை. பத்து வயதுப் பையன் பயந்துவிடுவான் என்று பக்கத்து வீட்டில் உட்காரவைத்திருந்தார்கள்.

"பழைய மெஷின் எங்கடா?"

"எடைக்குப் போட்டுட்டேன் மம்மி."

"அது நல்லாத்தானே இருந்துச்சு. அந்த இரைச்சல்ல எனக்கு ஒண்ணும் கேக்காது."

மறுபடி ஓடவிட்டாள்.

டொக். டொக். டொக். பாட்டுக்கு அடியில். அவசர அவசரமாக.

"டாடிக்கு உயிர் இருந்திருக்கு! நிறுத்துங்க மம்மி!"

அவள் நிறுத்தவில்லை. கீபோர்டைத் தேடினான். அதையும் வேண்டாமென்று கழற்றியது அவன்தான். சுவிட்ச் அவள் முதுகுக்குப் பின்னால். கதவும் அந்தப் பக்கம்தான்.

"உக்காருடா. இனிமேதான் இருக்கு."

ரயான் திரையைப் பார்த்தான்.

திரையில் மூடி எழும்பியது. ஒரு விரல்கடை. உள்ளே இருட்டு. இருட்டிலிருந்து நான்கு விரல் நுனிகள்.

சுற்றி நின்றவர்கள் கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தார்கள். மம்மியின் கண்கள் மட்டும் திறந்திருந்தன. பெட்டிக்கு முத்தம் கொடுப்பவள் போலக் குனிந்தாள். இரண்டு முழங்கைகளையும் மூடியில் ஊன்றினாள்.

விரல்கள் உள்ளே போகவில்லை.

முழு எடையையும் அதன்மேல் போட்டு, மம்மி எல்லோரோடும் சேர்ந்து பாடினாள்.