இனிக் கேட்க வேண்டாம்

சுவரில் கடிகாரம் இல்லை. டிக் டிக் சத்தம் மட்டும், அது மாட்டியிருந்த ஆணியை ஒட்டி, வந்துகொண்டே இருந்தது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள், கேட்டாள், மறுபடி கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். காய்ச்சலில் கிடக்கும் மகளுக்காகக் கண்விழித்துக் கண்விழித்து, இமைக்கொரு எருமை ஏறிப் படுத்திருந்தது. அப்போது வீட்டுக் கூரையே பிய்ந்து பறந்திருந்தாலும், பரவாயில்லை, காற்று நன்றாக வருகிறது என்றுதான் நினைத்திருப்பாள். வெளியே பட்டப்பகலை விழுங்கி ஏப்பம் விட்ட மழை. ஈரச் சுவரின் வாடையும், சூடேறிய மடிக்கணினியின் வாடையும், உள்ளறையிலிருந்து கசியும் காய்ச்சல் மருந்தின் தித்திப்பு வாடையும் ஒன்றோடொன்று கலந்து, கூடத்தில் குட்டைபோலத் தேங்கி நின்றன.

ஒரு மரச்சாமான் கடைக்கு மலைமலையாகக் குவிந்து கிடக்கும் படங்களில் வேண்டாதவற்றைக் கழிக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. கழிப்பதும் அவளல்ல, செயற்கை அறிவு ஏவலாள் ஒன்று. கணினிக்குள்ளேயே அடைத்த ஒரு பெட்டியில் அதை உட்கார்த்தி வைத்து, எந்தக் கோப்புறையை உள்ளே தள்ளுகிறோமோ அதை மட்டும் தொட விடுவார்கள். கறுப்புத் திரையில் கட்டளை அடித்துப் பெட்டியைத் திறக்க வேண்டும். அது ஒவ்வொன்றாக ‘நீக்கலாமா?’ என்று கேட்கக் கேட்க, ‘ஆம்’ என்று தட்ட வேண்டும். புதுச் சம்பந்திகூட அத்தனை கேள்வி கேட்கமாட்டார். காலையிலிருந்து தட்டிக்கொண்டிருந்தாள். படிப்பதை எப்போதோ விட்டாயிற்று. விரல் தன்பாட்டுக்குத் தட்டியது.

மேலாளர் போனில் கூப்பிட்டார். ஆபீஸில் அவருக்குப் பெயர் ‘அவசரம்’. கொட்டாவியைக்கூட ஓடிக்கொண்டேதான் விடுவார். குழந்தைக்கு இன்னும் காய்ச்சல் இறங்கவில்லை, இது வேறு நொடிக்கு நூறு கேள்வி கேட்கிறது என்று சொல்லிப் பார்த்தாள்.

“இனிக் கேட்காதேன்னு ஒரு தட்டு தட்டிட்டுப் போய்ப் பிள்ளையைப் பாருங்கம்மா. பெட்டிக்குள்ளதானே கிடக்கு, எங்க ஓடிடப் போகுது?”

நியாயமாகத்தான் பட்டது. ‘இனிக் கேட்க வேண்டாம்’ என்பதைத் தட்டினாள். திரையில் வரிகள் மூச்சு வாங்காமல் ஓடத் தொடங்கின.

பின்னால் சாய்ந்தாள். நாற்காலி முதுகைத் தாங்கி, வழக்கம்போலக் கிரீச்சிட்டது. குனிந்தபோது, மடித்த முழங்கால்களுக்குக் கீழே வெறும் தரைதான் தெரிந்தது. நாற்காலியின் கால்கள் இல்லை. இருக்கையும் இல்லை. அந்தரத்தில் உட்கார்ந்திருந்தாள். தூக்கம் கெட்டால் இப்படியெல்லாம்தான் தெரியும் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

உள்ளறையில் இருமல். அங்கே படுத்திருப்பது அவள் மகள், வீட்டுக்கே ‘வாலு’. ஒரு நாளில் ஊரையே நாலு முறை தலைகீழாக்கக் கூடியவள், மூன்று நாளாகச் சுருண்டு கிடந்தாள்.

“அம்மா.”

“இதோ வரேன்டா.”

எழும்போதுதான் திரையில் ஒரு வரி கண்ணில் பட்டது. ‘நீல நாற்காலி: நீக்கப்பட்டது.’ அடுத்தது, ‘பூப்போட்ட ஜன்னல் திரை: நீக்கப்பட்டது.’

அந்தக் கடையில் ஜன்னல் திரை விற்பதில்லை.

ஜன்னலைப் பார்த்தாள். வெறும் கண்ணாடி. அதன் ஓரத்தில், கண்ணுக்குத் தெரியாத துணி ஒன்று காற்றில் படபடத்தது.

காலையில் தான் அடித்த கட்டளையைத் தேடித் திரையை மேலே நகர்த்தினாள். உண்மையில் எதையும் அடிக்கவே இல்லை. மேல்நோக்கும் அம்புக்குறியைத் தட்டினால் முன்பு அடித்த கட்டளை தானாக வந்து நிற்கும். சோம்பலில் எல்லாரும் செய்வதுதான். வந்ததைப் படிக்காமல் அனுப்பியிருந்தாள். அது நேற்றையது. பெட்டி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, தன் குடும்பப் படங்களின் கோப்புறையைப் போட்டு எழுதியது. வாலு பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள் அத்தனையும் அதில்தான். போனில் இடமில்லை என்று அங்கிருந்ததையும் போன வாரமே அழித்திருந்தாள்.

வரிகள் ஓடின.

‘சிறுமி: நீக்கப்படுகிறது.’

நிறுத்தும் கட்டளையை அடித்தாள். விசைகள் அழுந்தின. ஒவ்வொன்றாக. தாமாக. அவற்றின் மேல் விரல் எதுவும் தெரியவில்லை.

எல்லாப் படமும் எடுத்தவள் அவள்தான். அவற்றில் அவள் முகம் கிடையாது. குழந்தையைக் குளிப்பாட்டும் கை, ஊட்டும் கை, பிடித்து நடத்தும் கை, அவ்வளவுதான். சட்டைக் கையின் விளிம்போடு அவள் முடிந்துபோயிருந்தாள்.

‘பெட்டி நிறுத்தப்பட்டது.’

அதற்கு மேலே இன்னொரு வரி.

‘வேலை முடிந்தது.’

உள்ளே போனாள். கட்டில் இருந்தது. போர்வை மேடாக இருந்தது. தலையணை நடுவில் குழிந்திருந்தது. குழியில் யாருமில்லை. காலையில் நெற்றியில் போட்ட ஈரத்துணி மட்டும், தலையணைக்குச் சற்று மேலே, வளைந்து, காற்றில் நின்றது.

துணி அசைந்தது. அவள் பக்கம் திரும்பியது.

“அம்மா, உன் கை எங்க?”

“இங்கதான்டா இருக்கு.”

“எனக்குத் தெரியலையே.”

பக்கத்தில் உட்கார்ந்தாள். தடவினாள். கன்னம் இருந்தது. கொதித்தது. மடியில் ஏறிய கனம் அதே கனம். குனிந்து பார்த்தாள். தன் மடிதான் தெரிந்தது.

“நான் தெரியறேனாம்மா?”

கத்த வேண்டும் என்று தோன்றியது.

“தெரியறடா தங்கம். நல்லாத் தெரியற.”

துணி காய்ந்திருந்தது. எடுத்தாள். கிண்ணத்துத் தண்ணீருக்குள் அது தானாக இறங்கியது. தானாக எழுந்தது. முறுக்கிக்கொண்டது. சொட்டியது. பிறகு மெல்ல விரிந்து, காலி அறையில், ஒன்றுமில்லாததன் மேல் படிந்து, அதன் நெற்றி வடிவத்துக்கு வளைந்தது.