ஃபின்டன் உட்காரவில்லை

ஊனா காரின் கதவை ஓங்கிச் சாத்தியபோது, கூடவே இன்னொரு சத்தமும் கேட்டது. சின்னச் சத்தம்தான். 'டிக்.'

உடனே கதவைத் திறந்து பார்த்தாள். அப்பாவின் தூண்டில் கோல் துணிப்பைக்குள் அப்படியே படுத்திருந்தது. பையின் நுனி மட்டும் கிளி மூக்கு போல வளைந்து தொங்கியது.

அப்பாவைக் கேட்காமல் எடுத்த கோல் அது. வயலில் நின்று நாலு தடவை வீசிப் பார்க்கலாம் என்று நினைத்தாள். திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. ஓடிவந்து, கோலை உள்ளே எறிந்து, கதவைச் சாத்திவிட்டாள்.

சுற்றிலும் பார்த்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற ஒரு செம்மறியாடு மட்டும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

"நீ ஒண்ணும் பாக்கல, சரியா?" என்றாள் அதனிடம்.

பிறகு பையை எடுத்துப்போய்ச் சமையலறை பெஞ்சின் மேல், எப்போதும் இருக்கும் இடத்தில் வைத்தாள். அப்பா வந்ததும் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தாள். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தாள்.

ஆனால் அப்பாவுக்கு முன்னால் ஃபின்டன் வந்துவிட்டான்.

ஃபின்டன் ஊனாவின் அத்தை மகன். பக்கத்து வீடு; சாப்பாடு பாதி நேரம் இங்கேதான். அவன் தொட்டால் கோப்பை உடையும். அவன் நடந்தால் வாளி கவிழும். போன ஈஸ்டர் அன்று தேவாலயத்தில் ஒரு மெழுகுவத்தியைத் தட்டிவிட்டு, பாதிரியாரின் அங்கியில் ஓட்டை போட்டவன். நல்ல பையன். கை கால்கள்தான் அவன் சொல்வதைக் கேட்பதில்லை.

"என்ன மழை! என் சாக்ஸுக்குள்ள ஒரு மீனே வளர்க்கலாம்," என்று சொல்லிக்கொண்டே அந்தப் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினான். பழைய பெஞ்சு முனகியது.

மறுநாள் காலையில் அப்பா கோலைப் பையிலிருந்து உருவினார். ஊனாவின் அப்பா மாலக்கி, அயர்லாந்தின் கோரிப் ஏரியில் படகோட்டி. வசந்த காலம் வந்துவிட்டால், ட்ரவுட் மீன் பிடிக்க எங்கெங்கிருந்தோ வருகிறவர்களைத் தன் படகில் கூட்டிப்போவார். அந்தக் கோல் அவருக்கு இன்னொரு கை மாதிரி.

ஒடிந்த நுனி அவர் கையில் தொங்கியது.

"யாரு செஞ்சது இது?" என்றார். எல்லாரையும் பார்த்துத்தான் கேட்டார். ஆனால் அவர் பார்வை போய் நின்றது ஃபின்டனிடம். காலை ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த ஃபின்டன் கத்தியைக் கீழே வைத்தான்.

"நான்தான் மாமா. நேத்து அந்தப் பெஞ்சுல உக்காந்தேன். ஏதோ சத்தம் கேட்ட மாதிரி இருந்துச்சு."

ஊனா வாயைத் திறந்தாள். ரொட்டிதான் உள்ளே போனது.

"கோலு போனா போகுதுடா," என்றார் அப்பா. "உடைஞ்ச உடனே சொல்லியிருக்கலாம்ல? மறைச்சு வெச்சதுதான் எனக்குப் பிடிக்கல."

"மறைக்கல மாமா. உடைஞ்சதே எனக்குத் தெரியாது."

"சரி. சனிக்கிழமை நீ படகுல வர வேணாம். ஊனா மட்டும் வரட்டும்."

ஃபின்டனின் முகம் சுருங்கிப்போயிற்று. அது மே மாதம். ஏரியின் அடியில் கிடந்த மேப்பூச்சிகள் மேலே வந்து சிறகு விரிக்கத் தொடங்கியிருந்தன. ட்ரவுட் மீன்கள் வெறிபிடித்தாற்போல் மேலே வந்து அவற்றைத் தின்னும் காலம் அது. வருடத்தில் கொஞ்ச நாள்தான். ஃபின்டன் கிறிஸ்துமஸிலிருந்தே அதற்காகக் காத்திருந்தான்.

அன்றிலிருந்து அவன் எங்கே போனாலும், உட்காரும் முன் இருக்கையைக் கையால் தடவிப் பார்த்தான். பள்ளிப் பேருந்தில் இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தான்.

"உக்காரேன்டா," என்றாள் ஊனா.

"வேணாம். எதுக்கு வம்பு? என் பின்பக்கத்த நம்பவே முடியாது."

பேருந்தில் எல்லாரும் சிரித்தார்கள். ஃபின்டனும் சிரித்தான். ஊனாவுக்குக் காது இரண்டும் கொதித்தன. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவன் ஒரு தீப்பெட்டியோடு வந்தான். உள்ளே அவனே இறகும் நூலும் சுற்றி, மீனை ஏமாற்றச் செய்த ஒரு பொய்ப்பூச்சி இருந்தது. கொக்கியை ஒளித்துக்கொண்டு நிற்கவேண்டிய இறகு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

"கொஞ்சம் காய்ச்சல் வந்த பூச்சி மாதிரி இருக்குல்ல?" என்றான். "ஆனா மீனுக்குப் பிடிக்கும். நான்தான் வரலையே. நாளைக்கு நீ இதைப் போட்டுப் பாரு."

"எனக்கெதுக்குடா?"

"பின்ன, பெட்டிக்குள்ளயா வெச்சுப் பூட்டறது?"

அன்று இரவுச் சாப்பாட்டில் ஊனா உருளைக்கிழங்கைத் தட்டில் உருட்டிக்கொண்டே இருந்தாள். யார் என்ன கேட்டாலும், "பசிக்கல," என்றாள்.

சனிக்கிழமை வானம் மேகம் போட்டிருந்தது. மேற்கிலிருந்து மெல்லிய காற்று. மீன் பிடிக்க இதைவிட நல்ல நாள் கிடையாது. படகு தீவுகளைத் தாண்டியதும் அப்பா எஞ்சினை நிறுத்தி, வேறொரு பழைய கோலை எடுத்து ஊனாவிடம் கொடுத்தார். காற்று படகை மெல்லத் தள்ளிக்கொண்டு போயிற்று.

"அதோ பாரு!"

தண்ணீரின் மேல் மேப்பூச்சிகள் பச்சைமஞ்சள் சிறகைத் தூக்கிக்கொண்டு, பொம்மைப் பாய்மரப் படகுகள் போல மிதந்து வந்தன. ஒன்றைச் சுற்றித் தண்ணீர் சுழித்தது. 'க்ளப்!' பூச்சியைக் காணோம். அங்கே ஒன்று, இங்கே ஒன்று. 'க்ளப்! க்ளப்!'

"சீக்கிரம், பூச்சியைக் கட்டு," என்றார் அப்பா. அவர் குரலே சின்னப் பையன் குரல் மாதிரி ஆகியிருந்தது.

ஊனா தீப்பெட்டியைத் திறந்தாள். காய்ச்சல்காரப் பூச்சி ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அவள் விரல் அதைத் தொட மறுத்தது.

"என்னம்மா? முடிச்சு போட வரலையா?"

"அப்பா, ஃபின்டன் உடைக்கல."

"என்னது?"

"கோலை. நான்தான் உடைச்சேன். காரு கதவுல. அவன் உக்காருறதுக்கு முன்னாடியே அது உடைஞ்சிருந்துச்சு."

சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தாள். இறங்கவில்லை. கன்னம் இன்னும் சுட்டது. அப்பாவின் பூட்ஸைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

படகின் பக்கத்திலேயே ஒரு பெரிய மீன் 'க்ளப்' என்றது. அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நான் எல்லாரையும்தான் கேட்டேன்," என்றார் கடைசியில். "ஆனா அவனை மட்டும்தான் பாத்தேன். அந்தத் தப்பு என்னோடது."

ஊனா நிமிர்ந்தாள். "கரைக்குப் போலாம்ப்பா."

"இப்பவா? சுத்திப் பாரு. இது கொஞ்ச நேரத்துல அடங்கிடும்."

"அடங்கறதுக்குள்ள அவன் வரணும்."

அப்பா அவளை ஒரு தடவை பார்த்தார். எஞ்சின் கயிற்றை இழுத்தார்.

ஃபின்டன் படகுத்துறையில்தான் இருந்தான். வாத்துகளுக்கு ரொட்டி போட்டுக்கொண்டு நின்றான். படகைப் பார்த்ததும் கையை ஆட்டினான். "அதுக்குள்ளயா? என் பூச்சி எப்படி? கடிச்சுதா?"

ஊனா துறையில் ஏறினாள். வழி நெடுக ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் எல்லாம் தண்ணீரில் விழுந்துவிட்டன.

"நீ உக்காரல," என்றாள்.

"நின்னுக்கிட்டுத்தானே இருக்கேன்!"

"இல்லடா. அதாவது... நீ உக்காந்த. ஆனா உன்னால உடையல. அதுக்கு முன்னாடியே நான் காரு கதவுல வெச்சு உடைச்சுட்டேன். சொல்லாம இருந்துட்டேன். மன்னிச்சுக்கோ."

ஃபின்டனின் கையிலிருந்த ரொட்டி முழுசாக ஏரியில் விழுந்தது. வாத்துகளுக்குக் கொண்டாட்டம்.

"அப்போ அந்தச் சத்தம்?"

"பெஞ்சோட சத்தம்."

"இத்தனை நாளா நின்னுக்கிட்டே வந்தேன்டி! என் பின்பக்கத்த நானே திட்டிக்கிட்டு!" இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை. "நீ பாத்துக்கிட்டுத்தானே இருந்த? தினமும் பாத்துக்கிட்டுத்தானே இருந்த?"

ஊனா மிதவைச் சட்டையைக் கழற்றி அவனிடம் நீட்டினாள். தீப்பெட்டியையும் கொடுத்தாள்.

"மீன் எழும்புது. சீக்கிரம் போ. நான் இங்கயே இருக்கேன்."

அவன் வாங்கிக்கொண்டான். நன்றி சொல்லவில்லை. படகில் இறங்கியதும், பழக்கத்தில் பலகையைத் தடவப் போன கையைப் பாதியில் நிறுத்தி, தொப்பென்று உட்கார்ந்தான்.

"உன்கிட்டயும் நான் மன்னிப்பு கேக்கணும்டா," என்று அப்பா சொல்வது ஊனாவுக்குக் கேட்டது. மற்றதை எஞ்சின் சத்தம் விழுங்கிவிட்டது.

அவள் துறையின் ஓரத்தில் நின்றாள். படகு சின்னதாகிக்கொண்டே போயிற்று. போகட்டும் என்று நினைத்தாள். அழக்கூடாது என்றும் நினைத்தாள். அது அவ்வளவாக நடக்கவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது, படகு பெரிதாகிக்கொண்டிருந்தது.

படகு துறையைத் தொட்டதும் ஃபின்டன் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு பேசினான். "மாட்டின மீனை ஏந்த மாமாவுக்கு வலை பிடிக்கத் தெரியலையாம்."

ஊனா பிறப்பதற்கு முன்பிருந்தே வலை பிடிக்கும் அப்பா தலையைச் சொறிந்தார். "சுத்தமா தெரியாது. எந்தப் பக்கம் ஓட்டைன்னே மறந்துட்டேன்." இன்னொரு மிதவைச் சட்டையை எடுத்து நீட்டினார்.

ஊனா தாவி ஏறினாள்.

தீவின் அருகே மீன்கள் இன்னும் எழும்பிக்கொண்டிருந்தன. ஃபின்டன் வீசினான். முதல் வீச்சு அப்பாவின் தொப்பியில் மாட்டியது. இரண்டாவது தன் சட்டையிலேயே. மூன்றாவது போய்த் தண்ணீரில் பூப்போல உட்கார்ந்தது.

'க்ளப்!'

கோல் வில்லாக வளைந்தது. "மாட்டிக்கிச்சு! மாட்டிக்கிச்சு!"

"இழுக்காதே! ஓடட்டும், விடு!" அப்பா கத்தினார்.

மீன் ஓடியது. துள்ளியது. படகுக்கு அடியில் புகுந்து மறுபக்கம் வந்தது. ஊனா வயிறு படகின் விளிம்பில் பட, கையை நீட்டி, வலையைத் தண்ணீருக்குள் பிடித்துக் காத்திருந்தாள். இந்த மீன் மட்டும் தப்பவே கூடாது. இழுத்துப் பிடித்த மூச்சோடு வலையைத் தூக்கினாள்.

தங்க நிற வயிறும் கறுப்புப் புள்ளிகளுமாக, ஒரு முழ ட்ரவுட்!

மூன்று பேரும் மூச்சு வாங்கினார்கள். ஃபின்டன் கொஞ்ச நேரம் மீனைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"எங்கம்மாகிட்ட நீயே சொல்லணும்."

"சொல்றேன்."

"பஸ்ல, எல்லாரும் இருக்கறப்போ."

ஊனாவின் காது மறுபடி சுட்டது. "சொல்றேன்."

"சத்தமா?"

"சத்தமா."

"சரி," என்றான் ஃபின்டன், கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து பலகையில் அவளுக்கு இடம் விட்டு. "இப்போ கோலைப் பிடி. அடுத்தது உன் முறை."