காயாத படிக்கல்

சித்திரை வெயிலில் கொரட்டூர் முழுக்க வெந்துகொண்டிருந்த அந்தப் பிற்பகலிலும் அறையின் படிக்கல் மட்டும் காயவில்லை.

காலையில் தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்த மாமியார் நாகம்மாள் அதன்மேல் கொஞ்சம் சிந்தியிருந்தாள், அவ்வளவுதான். அந்த ஈரம் எப்போதோ போயிருக்க வேண்டும். பாயில் ஒருக்களித்துக் கிடந்த கன்னியம்மாளுக்குத் தலையைத் தூக்காமல் பார்க்க முடிந்தது அந்தக் கல் ஒன்றைத்தான். நேற்று விடியலிலிருந்து அதையே பார்த்துக் கிடக்கிறாள். ஈரம் நடுவில் மட்டும் இருந்தது. ரவிக்கையில் வேர்வை ஊறுவதுபோல அது அடியிலிருந்து மேலே ஊறிக்கொண்டிருந்தது.

தலைப்பிரசவம். வலி எடுத்து ஒன்றரை நாளாகிவிட்டது. அழுவதற்குக்கூட உடம்பில் தெம்பு இல்லை. கொஞ்சநேரம் தூங்கவிட்டால் போதும், அப்புறம் எதை வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள் என்று யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது.

நாகம்மாள் எதிலும் குறை வைக்கவில்லை. பிரசவ வீட்டில் எதுவும் பூட்டியிருக்கக்கூடாது, முடிச்சுப் போட்டிருக்கக்கூடாது என்று டிரங்குப் பெட்டி, நெல் குதிர், அஞ்சறைப் பெட்டி எல்லாவற்றையும் திறந்து வைத்தாள். மருமகளின் பின்னலை அவிழ்த்தாள். மகன் கோதண்டத்தின் அரைஞாண் முடிச்சைக்கூட விட்டுவைக்கவில்லை. மாட்டையும் அவிழ்த்து விட்டதில் அது கத்தரிச் செடியெல்லாம் மேய்ந்து தீர்த்தது. வீட்டில் இருந்த அத்தனையும் திறந்தாயிற்று, வயிறுதான் திறக்கவில்லை.

அடுத்த வலி இடுப்பிலிருந்து கிளம்பி வந்தது. கன்னியம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள். அவள் முனகி முடித்ததும் அதே முனகல் இன்னொரு தரம் கேட்டது.

திறந்து கிடக்கும் பெட்டிகளில் பட்டு எதிரொலிக்கிறது என்றுதான் காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் உச்சி வேளைக்குப் பிறகு அது பின்னால் வருவதை விட்டுவிட்டு அவளோடு சேர்ந்து வந்தது. இப்போது, அவள் காத்திருந்த அடுத்த வலிக்கு, அது முந்திக்கொண்டது. முதலில் அந்த முனகல், அப்புறம்தான் அவள் இடுப்பில் வலி.

"அத்தே, வேற யாரோ முக்குறாங்க."

விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருந்த நாகம்மாளின் கை நின்றது.

"ஊட்ல நம்மள வுட்டா வேற யாரு கீறாங்க? மாடா இருக்கும். நீ பேசாத படு."

சொன்னவளின் கண் படிக்கல்லுக்குப் போய்விட்டுத் திரும்பியது.

தை மாதம் கோதண்டம் மண்ணூர்பேட்டைப் பாதையிலிருந்து வண்டியில் ஏற்றி வந்த கல் அது. பாதையோரம் சரிந்து கிடந்த சுமைதாங்கியின் மேல்கல். வயிற்றுப் பிள்ளையோடு ஒருத்தி செத்துப்போனால் அவள் பெயரில் இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு நீளக்கல்லைப் போடுவார்கள். வழிப்போக்கர்கள் தலைச்சுமையை அதில் இறக்கி இளைப்பாறும்போதெல்லாம் அவள் இறக்காமல் போன சுமையும் கொஞ்சம் இறங்கும் என்று நம்பிக்கை. நாகம்மாள் அன்றைக்கே தலையில் அடித்துக்கொண்டாள். "வேம்புலியம்மா கல்லுடா அது! மூணு நாளு வலிச்சி செத்தவ!"

"செத்து நாப்பது வருசமாவுது. இன்னும் இன்னா சுமை அவளுக்கு?" என்றான் கோதண்டம். காசில்லாமல் கிடைத்தால் கோயில் தூணையும் பெயர்த்து வருகிற ஆள். பெயர் வெட்டியிருந்த பக்கத்தை அடியில் போட்டுச் சுண்ணாம்பு வைத்துப் பூசிவிட்டான். இறக்கும்போது கல்லின் முனை கன்னியம்மாளின் இடது கால் சுண்டுவிரலை நசுக்கியது. அந்த நகம் அப்புறம் முளைக்கவே இல்லை. அவளும் அன்றைக்குப் புருஷனோடு சேர்ந்து சிரித்தவள்தான்.

மூன்று மணிக்குமேல் பூந்தமல்லியிலிருந்து ஜட்கா வண்டி வந்தது. டாக்டர் ஞானகுமாரி இறங்கினாள். வெள்ளைப் புடவை, கழுத்தில் சின்னச் சிலுவை, கையில் தோல் பை. வரும் வழியில் இரண்டு பிரசவம் பார்த்த களைப்பு முகத்தில் தெரிந்தது. கையைக் கழுவிச் சோதித்துவிட்டு எழுந்தாள்.

"குழந்தையோட தலை குறுக்க திரும்பி மாட்டியிருக்கு. ஆயுதம் போட்டுத்தான் எடுக்கணும். குளோரோபாரம் குடுத்துடறேன். தூங்கி எழுந்தா குழந்தை பக்கத்துல இருக்கும்."

"மயக்க மருந்தா?" நாகம்மாள் பதறினாள். "வாணாம் டாக்டரம்மா. வலிச்சிப் பெக்கறவளுக்குத்தான் புள்ள. தூங்கிகினு கீறவளுக்கு எப்பிடிச் சேரும்?"

"வலிச்சது போதாதா? முழிச்சிருந்தா ஆயுதம் போடுறப்ப இவ தாங்கமாட்டா. நாடி ரொம்ப எளைச்சிருக்கு."

கதவுக்கு வெளியே நின்ற கோதண்டம் தொண்டையைச் செருமினான். "கன்னி, நீயே சொல்லும்மே. எனக்கு ஒண்ணும் புரியல."

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். அவள் கல்லைப் பார்த்தாள். ஈரம் பெரிதாகிக்கொண்டு வந்தது. அடியில் இருப்பவளுக்கு நாற்பது வருஷமாக ஒருவரும் மருந்து கொடுக்கவில்லை. அவள் தூங்கவே இல்லை. தான் தூங்கிவிட்டால் இந்த அறையில் விழித்துக்கொண்டு வலிப்பவள் அவள் ஒருத்திதான். பிள்ளை யாருக்குச் சேரும்? வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள்.

வலி வந்தது. முதுகெலும்பு இரண்டாக ஒடிந்ததுபோல. கண்ணுக்குள் வெள்ளையாக ஏதோ வெடித்தது. கல்லுக்கடியிலிருந்து வந்த குரல் இந்தத் தடவை முனகவில்லை. அது மெல்ல, பாசமாக, தூங்கு என்றது.

"குடுங்க டாக்டரம்மா," என்றாள் கன்னியம்மாள். "என்னால முடியல."

துணி போர்த்திய கம்பிக் கூடு மூக்கின்மேல் வந்து உட்கார்ந்தது. சொட்டுச் சொட்டாக விழுந்த மருந்தில் அழுகின பழத்தின் இனிப்பு வாசனை.

"ஒண்ணு, ரெண்டு எண்ணிகிட்டே வா."

எண்ணினாள். மூன்று. நான்கு. நாக்கு தடித்தது. அறையின் சத்தங்கள் தூரம் போயின. ஐந்து. இடுப்பு வலி கழன்று விழுந்தது. எவ்வளவு சுகம். ஆறு. ஏழு.

எட்டு என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"எட்டு," என்றது அவள் வாய். "ஒம்பது."

விழித்தாள்.

குளிர். சுண்ணாம்பு வாசனை. ஈர மண்.

கையை நீட்டப் பார்த்தாள். இடமில்லை. முகத்துக்கு ஒரு விரற்கடை மேலே கல். அதில் வெட்டிய எழுத்துகள் நெற்றியில் உரசின. ஓரத்தில் நூலளவு வெளிச்சம்.

மேலே ஒரு குழந்தை வீறிட்டது.

"பொண்ணு. ரெண்டு பேருக்கும் ஒரு கொறையும் இல்ல." டாக்டரம்மாவின் குரல்.

அவள் மார்பு கனத்துச் சுரந்தது. என் பிள்ளை. கத்தினாள். உள்ள பலத்தையெல்லாம் சேர்த்துக் கத்தினாள்.

"இன்னா அது சத்தம்?" கோதண்டம் கேட்டான்.

"மாடா இருக்கும்," என்றது கன்னியம்மாளின் குரல், அசதியாக, சிரித்துக்கொண்டு. "அத்தே, எம்புள்ளய இப்பிடிக் குடுங்க."

"அதான் பொறந்தாச்சே, எல்லாத்தையும் மூடிட்டு வரேன்," என்று நாகம்மாள் எழுந்து போனாள். டிரங்குப் பெட்டியில் சாவி திரும்பியது. குதிரின் மூடி விழுந்தது. அஞ்சறைப் பெட்டி. மாட்டுக் கயிறு. ஒவ்வொன்றாக.

இருட்டியது. வெளுத்தது. எத்தனை தடவை என்று அவள் எண்ணவில்லை.

ஒரு காலையில் தாம்பாளச் சத்தம் கேட்டது. மஞ்சள் தண்ணீர் வாசனை. தலைக்கு ஊற்றிக் குளித்த ஈரக் கால் ஒன்று பிள்ளையின் அழுகையோடு நடந்து வந்து, வெளிச்சக் கோட்டை மறைத்துக்கொண்டு, கல்லின்மேல் நின்றது. இடது கால். சுண்டுவிரலில் நகம் இல்லை.

அது தாண்டிப் போகவில்லை. குதிகாலை நன்றாக அழுத்தி ஊன்றி நின்றது.

"தூங்கு, தூங்கு," என்று அவள் குரல் மேலே தாலாட்டியது.

கீழே, அவள் இடுப்பில், வலி எடுத்தது.