எழுதும்போது மட்டும்

“எழுதும்போது மட்டும்தானா? படிக்கும்போது?”

“படிக்கும்போது ஒரு பேஜாரும் இல்லம்மா. பழைய கல்யாணம் எத வேணா போட்டுப் பாரு, வழுக்கிகினு ஓடும். புதுசா உள்ள ஏத்துனாத்தான் நொண்டுது.”

“எப்போல இருந்து?”

“தம்பி காரியம் முடிஞ்சு கடைய தொறந்ததுல இருந்து.”

“நடுவுல ஒரு நாளாவது ஒழுங்கா ஓடிச்சா?”

“ஒரே ஒரு நாள்.” பதில் சொன்னவர் வாசல் பக்கம் பார்த்தார். “அன்னைக்கு அவன் வரல.”

கேள்வி கேட்டவள் காயத்ரி. கேளம்பாக்கத்தில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை. பெரிய பெரிய சர்வர்கள் படுத்துக்கொண்டால் ஏன் படுத்தன என்று கண்டுபிடித்துச் சொல்வாள். பதில் சொன்னவர் ஜெயக்குமார். மாமல்லபுரத்தில், தன் வீட்டுப் பின்னறையில் கல்யாண வீடியோ ஸ்டுடியோ நடத்துபவர். அதைத் தொடங்கியவன் அவருடைய தம்பி கார்த்தி. இரண்டு மாதத்துக்கு முன் ஈ.சி.ஆரில் நடந்த விபத்தில் அவன் போய்ச் சேர்ந்தான்.

கார்த்தியின் மனைவி ஜெயப்பிரியா, காயத்ரியுடன் செங்கல்பட்டில் ஒன்றாகப் படித்தவள். முந்தின நாள் அவள்தான் போன் செய்தாள். அதிகம் பேசவில்லை.

“மாமா நாளைக்கு சாயங்காலம் ஸ்டேஷனுக்குப் போறேங்கறாரு. சாலமோன் மேல கம்ப்ளைண்ட். அவர் பேர் ஒரு தடவ ஸ்டேஷன் வாசல மிதிச்சிட்டா அப்புறம் இந்தக் கரையில எவனும் வேல குடுக்க மாட்டான். அதுக்கு முன்னாடி நீ வந்து பாரு, காயூ.”

சாலமோன் அந்த ஸ்டுடியோவின் எடிட்டர். கார்த்தி இருந்தவரை இருவரும் ஒரே தட்டில் இட்லி பிய்த்தவர்கள். இப்போது அவன் வாசலில், தன் வண்டியின் மேல் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். ஜெயக்குமார் அவனை உள்ளே வர விடவில்லை.

காயத்ரி உள்ளே வரும்போதே முன்னறையில் கார்த்தியின் படத்தைப் பார்த்திருந்தாள். சாமந்தி மாலை, எதிரே ஒரு சிறிய விளக்கு. படம் ஒரு மரப்பலகையின் மேல் இருந்தது. கையால் இழைத்து வார்னிஷ் அடித்த தடித்த பலகை. அதன் மூலைகளின் அடியில் நீல ரப்பர் துண்டுகள் எட்டிப் பார்த்தன. ஒரு கணம் அங்கே நின்று வணங்கிவிட்டுத்தான் அவள் பின்னறைக்கு வந்தாள்.

“இதுதான் சர்வரு,” என்றார் ஜெயக்குமார்.

சுவருக்குள் பதித்த கடப்பாக்கல் அடுக்கில், நான்கு வட்டுகள் செருகிய கறுப்புப் பெட்டி உட்கார்ந்திருந்தது. எடுக்கும் வீடியோ எல்லாம் கேமராவிலிருந்து இந்தப் பெட்டிக்குத்தான் போய்ச் சேர வேண்டும். வினாடிக்கு நூறு எம்.பி.க்கு மேல் எழுத வேண்டிய பெட்டி. காயத்ரி சோதித்தபோது ஆறு காட்டியது. அரை நாள் வேலை மூன்று நாள் இழுத்தது. இரண்டு கல்யாண வீட்டார் ஆல்பம் வராமல் சண்டைக்கு வந்துவிட்டுப் போயிருந்தார்கள்.

“அவன்தாம்மா,” என்றார் ஜெயக்குமார். “கொழாயில ஒருத்தன் திருட்டுத்தனமா பக்கெட் வெச்சா இன்னொருத்தனுக்கு தண்ணி சொட்டும். அதான் இது. தம்பி சேத்து வெச்ச ட்ரோன் ஷாட்டு, பாட்டு, டிசைன் அத்தினியும் உறிஞ்சிகினு கீறான். கேளம்பாக்கத்துல தனிக்கடை போடப் போறானாம். கடைக்கு அட்வான்ஸு பேசுனத பாத்தவங்க கீறாங்க.”

“தண்ணிய உறிஞ்சினா ரெண்டு பக்கமும் கொறையணும், அண்ணா. படிக்கிறதும் கொறையணும்.”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது. அவன் வராத அன்னைக்கு நானே ஒக்காந்து ஏத்துனேன், பறந்துச்சு. அது மட்டும் தெரியும்.”

பக்கத்து வீட்டுச் சிற்பக் கூடத்தில் கல்லை அறுக்கும் சத்தம் காதைத் துளைத்தது. மாமல்லபுரத்தில் அந்தச் சத்தத்துக்கு யாரும் முகம் சுளிப்பதில்லை. ஜெயக்குமார் அதற்கு மேல் குரலை உயர்த்திப் பேசுகிறோம் என்பதுகூடத் தெரியாமல் உயர்த்திப் பேசிக்கொண்டிருந்தார்.

அவள் இணைய ஒயரைப் பிடுங்கினாள். ஆறு. சர்வரிலிருந்து கணினிக்குப் போகும் ஒயரையும் பிடுங்கிவிட்டு, பெட்டி தனக்குள்ளேயே எழுதிப் பார்க்கும்படி செய்தாள். அப்போதும் ஆறு. வெளியிலிருந்து யாரும் தொட முடியாத பெட்டி இப்போது தனியாக நொண்டியது. வட்டுகளின் உடல்நிலையைப் பார்த்தாள். நான்கும் நலம். இடமும் பாதிக்கு மேல் காலி.

ஜெயப்பிரியா டீ கொண்டுவந்து கல்லடுக்கின் ஓரத்தில் வைத்தாள். டீயின் மேல் மெல்லிய வளையங்கள் விளிம்புக்கும் நடுவுக்குமாக ஓடிக்கொண்டிருந்தன. டம்ளரை வைத்த வேகத்தில் வந்தவை என்று காயத்ரி நினைத்துக்கொண்டாள்.

“சாயங்காலத்துல இது எப்படி ஓடும், அண்ணா?”

“ஆறு மணிக்கு கடைய மூடிட்டு மெயினையே எறக்கிடுவேன். ஞாயித்துக்கெழம கடையே கெடையாது.”

அவள் டீயைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

சாலமோன் நிமிர்ந்து நின்றான். முப்பது வயது இருக்கும். சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தி வந்திருந்தான்.

“கேளம்பாக்கத்துல கடை பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“எதுக்கு?”

“கார்த்தி அண்ணாத்தயும் நானும் சேந்து பாத்தோம். இந்தக் கடைக்கே ரெண்டாவது பிராஞ்சு. பொங்கலுக்கு பெரியவர்கிட்ட சொல்லலாம்னு அவுருதான் சொன்னாரு.” கொஞ்சம் நிறுத்தினான். “அட்வான்ஸ திருப்பிக் கேக்கத்தான் போனேன். அத பேசும்போது எவனோ பாத்திருக்கான்.”

“இத அவர்கிட்ட சொன்னீங்களா?”

“கேட்டாத்தானே சொல்றது?”

“ஒரே ஒரு நாள் நீங்க வரலயாம். ஏன்?”

“அவுருதான் வராதன்னாரு. அமாவாச. அண்ணாத்தக்கு மொத படையல். கடை லீவுன்னு சொன்னாரு.”

உள்ளேயிருந்து ஜெயக்குமார் வெளியே வந்தார். மணி ஒன்றாகப் போகிறது. பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாரோ என்னவோ, முகம் இறுகியிருந்தது.

“எடுடா, பைய.”

“அண்ணா...”

“எடுன்றேன்ல.”

பையைப் படியில் கவிழ்த்தார். சாப்பாட்டு டப்பா, மழைக்கோட்டு, ஒரு சார்ஜர், சர்ச்சில் கொடுத்த காலண்டர் அட்டை. லேப்டாப்பை எடுத்து இடுக்கிக்கொண்டார். பிறகு கையை நீட்டினார். சாலமோன் போனைக் கொடுத்தான். கேட்காமலேயே ஸ்டுடியோச் சாவியையும் வளையத்திலிருந்து கழற்றி அதன் மேல் வைத்தான்.

“இப்ப பாரும்மா, அந்த மிஷின,” என்றார் ஜெயக்குமார்.

காயத்ரி போய்ப் பார்த்தாள். நூற்றுப் பன்னிரண்டு.

மறுபடி ஓட்டினாள். நூற்றுப் பதினான்கு.

“இன்னா சொல்றீங்க இப்ப?” ஜெயக்குமாரின் குரலில் வெற்றி இல்லை. வலிதான் இருந்தது. சாலமோன் திருடனாக இருக்கக் கூடாது என்று அவருக்குள் எங்கேயோ ஒரு ஆசை இருந்திருக்க வேண்டும். அது இப்போதுதான் செத்தது. “தம்பி இருந்தா அவன் மூஞ்சில முழிப்பானா? நான் கெளம்புறேன்.”

ஜெயப்பிரியா கதவோரம் நின்று காயத்ரியைப் பார்த்தாள். காயத்ரி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலைக்கு மேல் மின்விசிறி கிறீச்சிட்டது. காலையிலிருந்து அதே விசிறிதான் சுற்றுகிறது. இப்போதுதான் அந்தச் சத்தம் அவள் காதில் விழுந்தது.

“சாப்ட்டுட்டுப் போங்க, அண்ணா,” என்றாள் மெதுவாக. “போனும் லேப்டாப்பும் உங்ககிட்டயே இருக்கட்டும்.”

சோறும் கீரைக் குழம்பும். சாலமோனுக்கு ஜெயப்பிரியா தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவன் தன் டப்பாவைத் திறந்து காட்டினான். தட்டு அப்படியே திரும்பி வந்தது.

இரண்டு மணி தாண்டியதும் காயத்ரி கை கழுவிக்கொண்டு பின்னறைக்குப் போனாள். சிறிது நேரத்தில் ஜெயக்குமாரைக் கூப்பிட்டாள்.

திரையில் ஆறு.

“அவர் போன் எங்க?”

ஜெயக்குமார் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். இருந்தது. லேப்டாப் அலமாரிக்குள் பூட்டியிருந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“அப்ப எவன்?”

“ஒரு மணிக்கு நீங்க போன வாங்குனீங்க. அதே நேரத்துல இன்னொண்ணும் நடந்துச்சு. நம்ம யாரும் கவனிக்கல. ஏன்னா அது நின்னுபோன விஷயம். இப்ப மறுபடி வந்துடுச்சு. கேளுங்க.”

அவர் கேட்டார். எதுவும் கேட்கவில்லை என்பதுபோல விழித்தார். பிறகு மெல்ல முகம் மாறியது.

“கல்லு அறுக்குறானுங்க.”

“சாப்பாட்டுக்கு நிறுத்துனாங்க. நீங்களும் அப்ப சாப்பிடப் போயிடுவீங்க, அதனால வேகம் ஏறுனத இத்தன நாளா யாரும் பாக்கல.” காயத்ரி டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கல்லடுக்கில் வைத்தாள். கை எடுத்து வெகுநேரம் ஆகியும் வளையங்கள் ஓய்வதாக இல்லை. “இந்தக் கல்லு பொதுச் சுவத்துக்குள்ள போகுது. அந்தப் பக்கம் அவங்க மேடை. அவங்க அறுக்குறது அப்படியே இந்தப் பெட்டிக்குள்ள வருது.”

“வந்தா? படிக்கிறது மட்டும் எப்படி ஓடுது?”

“உள்ள வட்டு சுத்துது, அதுமேல ஒரு முள்ளு. படிக்கும்போது முள்ளு கொஞ்சம் தள்ளாடினாலும் சமாளிச்சுக்கும். எழுதும்போது அப்படி இல்ல. கோடு மாறி எழுதிட்டா பக்கத்துல இருக்கறது அழிஞ்சிடும். அதனால, சரியான எடத்துலதான் நிக்கறோமான்னு துளி சந்தேகம் வந்தாலும் எழுதாது. இன்னொரு சுத்து வர்ற வரைக்கும் காத்திருக்கும். நிச்சயமானாத்தான் எழுதும்.”

ஜெயக்குமார் தரையைப் பார்த்தார்.

“ஆனா அமாவாச அன்னைக்கு...” என்று தொடங்கினார். வாக்கியம் தானாகவே நின்றது. இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர் அவர். அமாவாசையன்று சிற்பிகள் யாரும் உளியைத் தொடமாட்டார்கள் என்பது அவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

“அமாவாசதான் காரணம், அண்ணா. அதனால படையல் போட்டீங்க. அதனாலதான் அவர வராதன்னு சொன்னீங்க. அதனாலதான் அவங்களும் வேல செய்யல. அன்னைக்கு இல்லாதது ரெண்டு. நீங்க ஒண்ணத்தான் எண்ணுனீங்க.”

ஜெயக்குமார் எழுந்து சுவரை உள்ளங்கையால் தொட்டுப் பார்த்தார்.

“கல்லுப்பட்டற பத்து வருஷமா கீது,” என்றார் அவர், கடைசியாக ஒன்றைப் பிடித்துக்கொள்வதுபோல. “தம்பி இருந்தப்ப ஏன் ஓடிச்சு?”

காயத்ரி திரும்பினாள். கதவோரம் நின்றவளைப் பார்த்தாள்.

“ப்ரியா. அவர் படத்துக்கு அடியில இருக்கே, அந்தப் பலகை. அது முன்னாடி எங்க இருந்துச்சு?”

ஜெயப்பிரியாவின் கை கதவைப் பிடித்தது.

“இங்கதான். இந்தப் பெட்டிக்கு அடியில.” குரல் மிகவும் தணிந்திருந்தது. “பதினாறாம் நாள் படத்த தரையில வெக்க மனசு வரல. அவர் கையால செஞ்ச சாமான் வேற எதுவும் வூட்ல இல்ல. இது சும்மா பெட்டிக்கு அடியிலதானே கெடக்குதுன்னு எடுத்தேன்.”

“செருப்பு ரப்பர வெட்டி ஒட்டியிருக்காரு. அதிர்வு தெரியாம இருக்கறதுக்கு. காரணம் யார்கிட்டயும் சொல்லல போல.”

“வெட்டுனப்ப நான் பக்கத்துலதான் இருந்தேன். பிஞ்ச செருப்புக்குக்கூட ஒரு வேல வெச்சிருக்கியான்னு கிண்டல் பண்ணேன்.” அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். “அப்ப நான்தானா, காயூ?”

“இல்ல. நீ எடுத்ததுல தப்பே இல்ல. வேற ஒரு மரப்பலகையும் ரப்பரும் போதும். அது அங்கயே இருக்கட்டும்.”

ஜெயப்பிரியா கேட்கவில்லை. முன்னறைக்குப் போனாள். விளக்கை நகர்த்தும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது ஒரு கையில் படத்தை மார்போடு அணைத்திருந்தாள், மறு கையில் பலகை. காயத்ரி பெட்டியின் ஓட்டத்தை நிறுத்திவிட்டுத் தூக்க, அவளே பலகையைக் கல்லின் மேல் வைத்தாள். வார்னிஷின் மேல் குங்குமமும் ஒரு சொட்டு எண்ணெயும் இருந்தன. அவற்றின் மேலேயே பெட்டி உட்கார்ந்தது.

மீண்டும் ஓட விட்டார்கள். பக்கத்துக் கூடத்தில் கல் அலறிக்கொண்டிருந்தது.

நூற்றுப் பதினொன்று.

ஜெயக்குமார் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எண்ணைத்தான் பார்க்கிறாரா, பலகையையா என்று தெரியவில்லை. பிறகு அலமாரியைத் திறந்து லேப்டாப்பை எடுத்தார். போனை எடுத்தார். சாவியையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

சாலமோன் படியில் சிதறியதைப் பொறுக்கிப் பையில் வைத்து முடித்திருந்தான். வண்டியில் உட்கார்ந்திருந்தான்.

“கண்டுபுடிச்சிட்டாங்க,” என்றார் ஜெயக்குமார். “கல்லுப்பட்டறைதான். உன்னுது ஒண்ணும் இல்ல.”

“என்னுது ஒண்ணும் இல்லன்னு எனக்கு முன்னாடியே தெரியும், அண்ணா.”

லேப்டாப்பையும் போனையும் வாங்கிப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தான். சாவி பெரியவரின் கையிலேயே இருந்தது.

“எட்டு வருஷம் இந்த வூட்ல சாப்ட்டேன்,” என்றான் சாலமோன், வண்டியின் முன் சக்கரத்தைப் பார்த்தபடி. “ஒண்ணு கொறஞ்சா மொதல்ல என் பையத்தான் கவுக்கத் தோணிச்சு. பக்கத்துல யார் யார் கீறாங்கன்னு பாக்கத் தோணல.”

ஜெயக்குமார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சுவருக்கு அப்பால் மிஷின் பெரிதாக இரைந்தது. அது அடங்கும்வரை இருவரும் காத்திருந்தார்கள். அவர் உள்ளங்கையை விரித்து நீட்டினார். சாவியில் கார்த்தி கட்டிவிட்ட சிவப்புக் கயிறு இன்னும் அவிழாமல் இருந்தது.

“நாளைக்கு கடைய நீ வந்து தொறடா, சாலமோன்.”