படிப்பவரைப் படிக்காத புத்தகம்

காலையில் கண்வில்லையைக் கழற்றிக் கழுவும் நேரத்தில் திட்டில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை. வில்லையைக் கரைசலில் போட்டுவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார்கள். கதவு திறந்திருந்தால் முதலில் சாத்துவார்கள். வெறுங்கண்ணால் ஒருவரைப் பார்ப்பது, கேட்காமல் அவர் வீட்டுக்குள் நுழைவதற்குச் சமம். வில்லை வழியே பார்த்தால் முகத்தின் அருகே பெயர் தெரியும், மனநிலை தெரியும், நேற்று அவர் பகிர்ந்தது தெரியும். வெறும் முகத்தில் என்ன இருக்கிறது?

ஜோவிதா மட்டும் பார்ப்பாள். அவளுக்கு ஐந்து வயது. வில்லை பொருத்த ஆறு ஆக வேண்டும்.

“ஜெசிந்தாக்கா, ஒங்க புள்ள என்னய முறைக்கா,” என்று எதிர்வீட்டுச் செண்பகம் கத்தினாள்.

“நீ கண்ண மூடித்தான இருக்க? எப்படித் தெரியுது?”

“தெரியுது. உள்ள கூப்புடுங்க.”

ஜெசிந்தா மகளை உள்ளே கூப்பிட்டாள். ஜோவிதா வரவில்லை. கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து, கடலைப் பார்த்து எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். தாய் அருகே வந்ததும் நிறுத்திவிட்டாள்.

“யாருகிட்ட பேசுன?”

“யாருமில்ல.”

“என்ன பேசுன?”

“சும்மா.”

கடல் பழைய கரையை எடுத்துக்கொண்ட பிறகு, தூத்துக்குடிக்கு வெளியே மிதவைகளின் மேல் கட்டிய ஊர்தான் திட்டு. எல்லோர் கண்ணிலும் வில்லை. எல்லா வில்லையிலும் ஓடை. செய்தி, படம், சண்டை, சமையல், இரங்கல் எல்லாம் அதில் வரும். எது முதலில் வரும், எது வரவே வராது என்று முடிவு செய்யும் நிரலுக்கு வரிசையன் என்று பெயர். கண் எதில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று அது அளக்கும். அளந்ததை வைத்து, இவர் அடுத்து என்ன செய்வார் என்று ஊகிக்கும். ஊகத்தை யாரிடமும் சொல்லாது.

ஓடையில் ஒருவருடைய பக்கத்தை இன்னொருவர் எட்டிப் பார்த்தால், அவருக்கு உடனே தகவல் போய்விடும். இன்னார் உங்களைப் பார்த்தார் என்று. அதனால் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. திட்டில் இதை நாகரிகம் என்று சொன்னார்கள்.

ஆறு வயதில் நடக்கும் வில்லைப் பொருத்தத்துக்குக் கண்திறப்பு என்று பெயர். இனிப்பு கொடுப்பார்கள், மாமன் சட்டை எடுப்பார். ஜெசிந்தாவுக்கு அது பிடிக்கவில்லை. பதினெட்டு வயது வரை வில்லை கூடாது என்று ஊர்ச்சபையில் தீர்மானம் கொண்டுவந்திருந்தாள். ஜோவிதாவின் அடுத்த பிறந்தநாளுக்கு முன் வாக்கெடுப்பு. ஜெயித்தால் மகள் தப்பிப்பாள். தோற்றால் அவள் கண்ணையும் வரிசையன் அளக்கத் தொடங்கும்.

சொல்லிப் பார்த்தாள். யாருக்கும் உறைக்கவில்லை. வரிசையனைப் பற்றி ஓடையில் எழுதினாள். வரிசையன் அதை யாருக்கும் காட்டவில்லை.

அதனால் அச்சடிப்பது என்று முடிவு செய்தாள்.

அச்சகம் மைதீனுடையது. அவளும் அவனும் சேர்ந்து அங்கே மருந்துப் பெட்டிகளுக்கு உறை அடித்துக்கொண்டிருந்தார்கள். புத்தகத்தின் அமைப்பை ஜெசிந்தா சொன்னாள். ஊரில் ஆளுக்கு ஒரு புத்தகம். அவரவர் புத்தகத்தில் அவரவர் ஓடை. கண் நிற்காமல் தாண்டிப்போனவை மெல்லிய தாளில். கண் நின்றவை தடித்த தாளில்; எவ்வளவு நேரமோ அவ்வளவு தடிமன். வரிசையன் மறைத்தவை சாம்பல் தாளில் சாம்பல் மையில். வெளிச்சத்தில் சாய்த்தால்தான் தெரியும். அதன் ஊகங்கள் மட்டும் வெட்டாத மடிப்புக்குள். கத்தி வைத்துப் பிரிக்க வேண்டும்.

“வரிசையன் செய்யறத கையால தொட்டுப் பாக்கட்டும்,” என்றாள்.

“வெட்டுறப்ப வெரலையும் வெட்டிக்கிடுவாவ,” என்றான் மைதீன். ஆனால் தாள் தேட அன்றே கிளம்பினான்.

வரிசையன் அளந்து வைத்த பதிவுகளைக் கேட்க ஓடை நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போனாள். மறுப்பார்கள் என்று நினைத்திருந்தாள். அங்கே இருந்த சரவணபவன் என்ற இளைஞன் எழுந்து நின்று நாற்காலி போட்டான்.

“உரியவங்க சம்மதம் இருந்தா தாராளமா குடுப்போம் மேடம். சட்டமே இருக்கு. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல.”

“எதையும் மறைக்க மாட்டீங்களே?”

“எதுக்கு மேடம் மறைக்கணும்?”

அந்தப் பதில் அவளை வழி முழுக்க அரித்தது.

“கேட்டதும் குடுக்கான். சும்மா குடுப்பானா?”

“குடுக்காட்டியும் திட்டுத. குடுத்தாலும் திட்டுத,” என்றான் மைதீன். “அவன் என்னதான் செய்யணும்?”

“உனக்கு ஏன் அவன்மேல இவ்ளோ நம்பிக்கை?”

மைதீன் தாள்களை எண்ணத் தொடங்கினான். அதையும் அவள் மனதில் குறித்துக்கொண்டாள்.

சம்மதம் வாங்க வீடு வீடாகப் போனாள். வில்லையில் இரண்டு முறை இமைத்தால் சம்மதம். எதற்கு என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் எல்லோரும் இமைத்துவிட்டார்கள். ஒருவர் கதவைத் திறக்கும்போதே இமைத்தார்.

புத்தகங்கள் தயாராகின. ஒவ்வொன்றின் முதுகிலும் உரியவர் பெயர். முதல் பக்கத்தில் ஒரே வாக்கியம், ஜெசிந்தா எழுதியது: “இதைப் படிப்பவர் யார் என்று இந்தப் புத்தகத்துக்குத் தெரியாது.” அந்த வாக்கியத்தில் அவளுக்குப் பெருமை இருந்தது. ஓடைக்கும் தாளுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான் என்று மைதீனிடம் பல முறை சொன்னாள். கையில் கொடுத்துவிட்டு வந்து, ஊர் கொதிப்பதற்காகக் காத்திருந்தாள்.

ஊர் கொதிக்கவில்லை. படகுத்துறையில் பேச்சு இல்லை. தேநீர்க்கடைக்குள் அவள் நுழைந்தால் பேச்சு நின்றது. நிறுவனம் புத்தகங்களைத் திரும்ப வாங்கிவிட்டது என்று சந்தேகித்தாள். பிறகு மைதீனைச் சந்தேகித்தாள். அச்சகத்தில் யாரோ அவனிடம் தணிந்த குரலில் எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். இவளைக் கண்டதும் போய்விட்டார்கள்.

“என்ன கேட்டாவ?”

“இன்னொரு பிரதி.”

“அவருக்குக் குடுத்தோமே?”

“அவருடையது இல்ல. அவரு மருமகளுது,” என்றான் மைதீன். “மாட்டேன்னுட்டேன். இன்னைக்கு மட்டும் ஏழாவது ஆளு.”

அவள் நம்பவில்லை. நேராகச் செண்பகம் வீட்டுக்குப் போனாள். செண்பகம் அடுப்படியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். காய் நறுக்கும் கத்தி பக்கத்தில் கிடந்தது. முதுகில் இருந்த பெயர் செண்பகத்தின் கணவனுடையது.

“உன் புத்தகம் எங்க?”

“அது இங்கதான் எங்கயோ கெடக்கும். அவரு எடுத்துட்டுப் போயிட்டாரு போல.”

“நீ அத இன்னும் பாக்கலையா?”

“என்னயப் பத்தி எனக்குத் தெரியாதாக்கா?” செண்பகம் ஒரு பக்கத்தை இரண்டு விரலால் பிடித்துக் காட்டினாள். “இதப் பாருங்க. அட்டை மாதிரி இருக்கு. ரோசிட்டா வீட்டுக் கருவாட்டுக் குழம்பு படத்துல நின்னிருக்காரு மனுசன். என் குழம்புலாம் பாருங்க, ஊதுனா பறக்கும்.”

“வரிசையன் என்ன செய்யுதுன்னு காட்டத்தான் இத அடிச்சது, செண்பகம்.”

“அது என்ன செய்யுதோ. இவரு என்ன செய்யறாருன்னு இப்பத்தான தெரியுது.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “ஓடையில பாத்தா அவருக்குத் தகவல் போயிரும். இதுல போகாதுல்ல? மொதப் பக்கத்துலயே போட்டிருக்கீங்களே.”

ஜெசிந்தா மற்ற வீடுகளுக்கும் போனாள். மாமியார்கள் மருமகள்களைப் படித்துக்கொண்டிருந்தார்கள். மருமகள்கள் நாத்தனார்களை. பாதிரியாருடைய புத்தகம் பாடகர் குழுவில் கைமாறிக்கொண்டிருந்தது. எல்லா வீட்டிலும் மடிப்புகள் வெட்டப்பட்டிருந்தன. சாம்பல் தாள்களை யாரும் சாய்த்துப் பார்க்கவில்லை. தங்களுக்கு எது மறைக்கப்பட்டது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து தன் புத்தகத்தைத் தேடினாள். கணவன் லூர்துவின் சட்டைகளுக்கு அடியில் இருந்தது. மடிப்புகள் ஒழுங்காக, அளவுகோல் வைத்து வெட்டியதுபோல் பிரிந்திருந்தன.

“என் புத்தகத்தப் படிச்சீயளா?”

லூர்து வலையின் இழைகளைப் பிரித்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

“எனக்குக் குடுத்த புத்தகத்துல மடிப்பெல்லாம் வெட்டாமத்தான இருந்துச்சு?” என்று கேட்டான்.

“ஆமா.”

“நீ மடிச்சது. மடிக்கறதுக்கு முன்னால படிக்காமயா மடிச்ச?”

 அவள் அச்சகத்தில் முதலில் கட்டிய புத்தகம் லூர்துவுடையது. இரண்டு தடவை படித்திருந்தாள். அவனிடம் அவள் சந்தேகப்பட்ட எதுவும் அதில் இல்லை. அது அவளை நிம்மதிப்படுத்தவில்லை. வரிசையன் எதையாவது விட்டிருக்கும் என்று நினைத்தாள்.

வெளியே ஜோவிதா கம்பியருகே முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். ஜெசிந்தா சத்தமில்லாமல் போய் அவள் பின்னால் நின்றாள். காற்றில் ஒரு சொல்லும் பிடிபடவில்லை. பிள்ளை திரும்பிப் பார்த்தாள், வாயை மூடிக்கொண்டாள்.

“அம்மாகிட்ட சொல்ல மாட்டியா?”

“ஒண்ணுமில்லம்மா.”

இந்த வீட்டில் தான் படிக்க முடியாதவள் இவள் ஒருத்திதான் என்று ஜெசிந்தாவுக்கு அப்போது தோன்றியது. அந்த எண்ணத்தை உடனே தள்ளிவைத்தாள்.

வாக்கெடுப்பு நாளன்று ஊர்ச்சபை நிரம்பியிருந்தது. அவ்வளவு கூட்டத்தை அவள் எதிர்பார்க்கவில்லை. மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு எழுந்து பேசினாள். வரிசையன் ஊகிக்கிறது, ஊகத்துக்கு ஏற்ப நம்மை வளைக்கிறது, குழந்தைகளுக்காவது அது வேண்டாம் என்றாள். தலைகள் ஆடின. கைதட்டினார்கள். புத்தகத்தை உயர்த்திப் பிடித்து ஆட்டினார்கள். அவர்கள் கையில் இருந்தது அவரவர் புத்தகம் அல்ல.

“சந்தேகம் இருந்தா கேக்கலாம்,” என்றார் சபைத் தலைவர்.

பாடகர் குழுவிலிருந்து ஒருவர் எழுந்தார். “அடுத்த பதிப்பு எப்ப வரும்?”

சிரிப்பு எழுந்தது. ஆனால் எல்லோரும் பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

“அது இப்ப பேசற விசயம் இல்ல,” என்றாள் ஜெசிந்தா.

செண்பகம் எழுந்தாள். “புள்ளைங்களுக்கு ஏன் போடலக்கா? எங்க சின்னவன் அஞ்சு வயசு. வீட்டுக்கு வந்தா வாயே திறக்க மாட்டேங்கான். அவன் மனசுல என்ன ஓடுதுன்னு ஒண்ணும் புரியல.”

“அவனுக்கு வில்லையே இல்ல, செண்பகம். பதிவு இல்லாம எப்படி அடிக்க முடியும்?”

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்னவென்று அவளுக்குப் புரிந்தது.  ஒவ்வொருவரும் பக்கத்தில் இருந்த தம் பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார்கள். பார்வை நல்ல பார்வையாக இல்லை.

“பதினெட்டு வரைக்கும் புத்தகம் கெடையாதுங்கீங்க,” என்றார் ஒருவர் மெதுவாக.

“பதினெட்டுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போயிருமே,” என்றார் இன்னொருவர்.

பின்வரிசையில் சரவணபவன் உட்கார்ந்திருந்தான். சூழ்ச்சி அவனிடமிருந்துதான் வருகிறதோ என்று ஜெசிந்தா அவனைப் பார்த்தாள். அவன் குழம்பிய முகத்துடன் மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

திருத்தத்தைச் செண்பகம்தான் கொண்டுவந்தாள். பதினெட்டு என்பதை அடித்துவிட்டு மூன்று என்று எழுத வேண்டும். ஆறு வரைக்கும் எதற்குக் காத்திருப்பது? தலைவர் ஆதரிப்பவர்களைக் கை தூக்கச் சொன்னார்.

கைகள் எழுந்தன. முன்வரிசை, நடுவரிசை, ஓரத்தில் நின்றவர்கள். லூர்துவின் கை தயங்கி எழுந்தது. ஜெசிந்தா இரண்டு கையையும் மடியில் கோத்து இறுக்கிக்கொண்டாள். பக்கத்தில் ஜோவிதாவின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. குரல் வரவில்லை. ஜெசிந்தா குனிந்து பார்த்தாள். உதடுகள் நின்றன.

எதிர்ப்பவர்கள் என்று தலைவர் கேட்டபோது ஒரே ஒரு கை உயர்ந்தது. மைதீனுடையது. அவனுக்குப் பிள்ளைகள் இல்லை. அவன் ஜெசிந்தாவைத் தேடினான். ஆதரித்தவர்களின் எண்ணிக்கை படிக்கப்பட்டது. அது சபையில் வாக்குள்ளவர்களின் எண்ணிக்கையைவிட ஒன்றே ஒன்று குறைவு.

அவன் அவளுடைய கையைப் பார்த்தான். ஆதரித்து உயர்ந்த அது இன்னும் கீழே இறங்கவில்லை.

கூட்டம் கலைந்தபோது சரவணபவன் அவளிடம் வந்தான். வருத்தமாகத்தான் பேசினான்.

“நாங்க இதக் கேக்கவே இல்ல மேடம். ஆறுக்குக் கீழ வேண்டாம்னு எங்க விதியிலயே இருக்கு. இவ்வளவு சின்னக் கண்ணுக்கு எங்ககிட்ட வில்லையே கிடையாது. இனிமேதான் செய்யணும்.”

ஜெசிந்தா மகளின் தோளைப் பிடித்து அருகே இழுத்துக்கொண்டாள்.

“எத்தன நாளாகும்?” என்று கேட்டாள்.